ஃபொக்ஸ் 40 கிளாசிக்: நல்ல விசில் கீழே நிற்கும் நடுவருக்கு

பாடசாலைக் கரப்பந்தாட்டம் ஒன்றுக்கு மத்தியஸ்தம் செய்யப் போகும் இரண்டு பேரிடம் ஒரேயொரு நல்ல விசில்தான் இருக்கிறது என்றால், அதை அனுபவம் குறைந்தவரிடம் கொடுங்கள். ஃபொக்ஸ் 40 கிளாசிக் விசிலைப் பல காலமாகப் பாவித்து வருகிறேன். அதைப் பற்றி நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். எங்கள் பக்கத்தில் நடப்பதோ வேறு. மேடையில் ஏறும் மூத்தவரின் கழுத்தில் நல்ல விசில் தொங்கும். கீழே நிற்கப் போகிற புதியவருக்கு, விளையாட்டு அறை அலுமாரியில் கிடந்த ஏதோ ஒன்றை யாராவது எடுத்துத் துடைத்துக் கொடுப்பார்கள். "கீழ நிக்கிறவருக்கு என்ன வேலை, இது காணும்" என்பார்கள். காணாது என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியை. கோட்டமட்டம், வலயமட்டம் என்று 16, 18, 20 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பவள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கல்லடி தொடங்கிக் களுவாஞ்சிக்குடி வரையும், வாவியைத் தாண்டிப் படுவான்கரைப் பாடசாலைகளிலும், சில வேளை அம்பாறைப் பக்கம் காரைதீவு, தம்பிலுவில் வரையும் போய் வருவதுண்டு. கூட நிற்கும் இணை நடுவர் பெரும்பாலும் என்னை விட இளையவர். பல்கலைக்கழக அணியில் ஆடியவர்களாக இருப்பார்கள், அல்லது நடுவர் பரீட்சையில் அண்மையில் தேறியவர்களாக இருப்பார்கள். விதிகளை என்னை விடத் துல்லியமாக மனப்பாடம் செய்தவர்களும் உண்டு. தடுமாறுவது விதியில் அல்ல, வாயிலிருந்து வரவேண்டிய சத்தத்தில்.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு நடுவர்களும் எத்தனை தரம் ஊதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதலாவது நடுவர் நெற்றின், அதாவது வலையின், ஒரு முனையில் மேடையில் நிற்பவர். அவருடைய பார்வை நெற்றின் மேல் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் மேலே இருக்க வேண்டும். ஒவ்வொரு சேர்விஸுக்கும் அனுமதி கொடுத்து ஊதுபவர் அவர்தான். அதன் பிறகு 8 செக்கனுக்குள் பந்தை அடிக்க வேண்டும். 25க்கு 20 என்று முடியும் ஒரு செற்றில் 45 புள்ளிகள். அப்படியென்றால் சேர்விஸுக்கு மட்டும் அவர் குறைந்தது 45 தடவை ஊதியாக வேண்டும். றலி, அதாவது ஒரு புள்ளிக்கான ஆட்டம், முடியும்போது ஊதுவதையும் சேர்த்தால் அதைப் போல இரண்டு மடங்கு வரும். முதல் பத்துப் புள்ளிகளிலேயே அவருடைய மூச்சும் உதடும் பழகிவிடும். விசில் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் சமாளித்துவிடுவார்.

இரண்டாவது நடுவரின் கதை அப்படியல்ல. எதிர்ப்பக்கத் தூணுக்கருகே தரையில் நிற்கும் அவர் ஒரு செற்றில் ஒரு சில தடவைதான் ஊதுவார். ஐந்து நிமிடம் ஊதாமல் நின்று, திடீரென்று ஒரு கணத்தில், யாருடைய கையோ நெற்றில் பட்டதைக் கண்டு உடனே ஊத வேண்டும். வாய் காய்ந்திருக்கும். மனதில் "உண்மையாகவே பட்டதா?" என்ற கேள்வி இன்னும் இருக்கும். புதியவருக்கு அந்தக் கேள்வி கூடுதலாகவே இருக்கும். அந்த நேரத்தில் வருகிற அரை மூச்சுக்கும் சத்தம் கொடுக்கிற விசில்தான் அவருக்குத் தேவை.

ஃபொக்ஸ் 40 கிளாசிக் அதைச் செய்கிறது. காரணம் அதன் உள்ளே அசையும் பொருள் எதுவும் இல்லை. பழைய வகை விசிலுக்குள் ஒரு சிறு உருண்டை இருக்கும். தக்கையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்தது. காற்று போகும்போது அது உள்ளே சுழன்று வாயிலை மூடி மூடித் திறப்பதால்தான் அந்த "ப்ரீரீரீ" என்ற நடுக்கம் வருகிறது. பர்மிங்ஹாமின் ஜே. ஹட்சன் நிறுவனம் 1884இல் கொண்டுவந்த அக்மி தண்டரர் அந்த வகையில் உலகம் முழுக்கப் போனது. நல்ல விசில்தான். ஆனால் உருண்டை வகைக்கென்று சில இயல்புகள் உண்டு. மெல்ல ஊதினால் உருண்டை அசையாது. பதற்றத்தில் மிகப் பலமாக ஊதினால் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்ளலாம். உமிழ்நீரும் தூசும் சேர்ந்தாலும் சிக்கும்.

ரொன் ஃபொக்ஸ்குரொப்ட் என்ற கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவருக்கு 1984இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் நடந்தது அதுதான். ஒலிம்பிக்குக்கு முந்திய ஆட்டமொன்றில், நிரம்பிய அரங்கில், முக்கியமான ஒரு தவறைக் கண்டு ஊதினார். உருண்டை சிக்கிச் சத்தம் வரவில்லை. கூட்டம் கொந்தளித்தது. அதன் பிறகு வடிவமைப்பாளர் சக் ஷெப்பர்டுடன் சேர்ந்து உருண்டையில்லாத விசில் ஒன்றைச் செய்யப் புறப்பட்டார். 1987இல் இந்தியானாபொலிஸில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டியில் அது நடுவர்களின் கைக்கு வந்தது. மூன்று சிறு அறைகள், மூன்றும் சற்று வேறுபட்ட சுருதியில் ஒலிக்கும். அந்தச் சுருதிகள் ஒன்றோடொன்று மோதுவதால் உருண்டை இல்லாமலே காதைத் துளைக்கும் அதிர்வு வந்துவிடுகிறது. அத்தனை அனுபவமுள்ள ஒரு நடுவரையே சத்தம் வராத விசில் தலைகுனிய வைத்தது என்றால், களுவாஞ்சிக்குடியில் முதல் தடவையாக நிற்கும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் மைதானங்களுக்கும் இது பொருந்துகிறது. கல்லடி, நாவலடிப் பக்கம் கடற்கரை மணல். பந்து விழுந்தாலே மணல் கிளம்பும். படுவான்கரையில் அறுவடை முடிந்த காலத்தில் நுண்ணிய தூசு. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும்போது விசில் சத்தத்தைக் காற்றே கொண்டுபோய்விடும். காற்றோட்டத்துக்கு எதிரே இருக்கும் பின்வரிசைப் பிள்ளைக்கு ஒன்றும் கேட்காது. கிளாசிக் வகையின் சத்தம் 115 டெசிபல் என்று நிறுவனம் சொல்கிறது. என்னிடம் அளக்கும் கருவி இல்லை. ஆனால் கச்சான் அடிக்கும் பின்னேரத்திலும், பக்கத்து வீதியில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும்போதும், இந்த விசில் கடைசிக் கோடு வரை கேட்கிறது. மணல் புகுந்தால் தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஊற்றிக் கழுவி, ஒரு தடவை உதறினால் சரி. ஈரமாகவே ஊதலாம்.

இனி, அண்மையில் என்னோடு நின்ற ஒரு தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தில்தான் இந்த விசிலின் பெறுமதி எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. 18 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆட்டம், வலயமட்டம். இரண்டு பக்கமும் கெட்டித்தனமான பிள்ளைகள். அவள் ஆசிரிய நியமனம் பெற்று வந்து கொஞ்ச காலம்தான். ஆடும்போது நல்ல செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவள், ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவள். நான் மேடையில், அவள் கீழே. அவள் கையில் பாடசாலையின் பழைய உருண்டை விசில்.

முதலாவது செற் நடுவில், நெற்றுக்குப் பக்கத்தில் பிளொக்குக்கு, அதாவது எதிரணி அடிக்கும் பந்தைக் கையால் மறிக்க, பாய்ந்த ஒரு பிள்ளையின் முழங்கை நெற்றின் கீழ்ப்பகுதியில் பட்டது. அது இரண்டாவது நடுவர் பார்க்க வேண்டிய இடம். அவள் கண்டாள். விசிலும் வாய்க்குப் போனது. வந்தது சத்தமல்ல, "ஃபூ" என்று ஒரு காற்று. பக்கத்தில் நின்ற மூன்று பிள்ளைகள் அவளுடைய முகத்தைப் பார்த்து விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். தூரத்தில் நின்றவர்கள் நிறுத்தவில்லை. பந்து திரும்பி வந்து, நின்றுபோன பிள்ளைகளுக்கு நடுவில் விழுந்தது. அப்போதுதான் அவளுடைய விசில் முழுதாக ஒலித்தது. பந்து விழுந்த பிறகு ஒலித்த விசிலைப் பார்ப்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? புள்ளியைப் பார்த்துவிட்டு முடிவை மாற்றுகிறாள் என்றுதான். பயிற்றுவிப்பாளர் ஒருவர் இருக்கையை விட்டு எழும்பிவிட்டார். பெற்றோர் பக்கத்திலிருந்து குரல்கள் வந்தன.

முடிவு சரியானது, நெற்றில் பட்டது உண்மை. நானும் நெற் ஆடியதைப் பார்த்தேன். ஆகவே புள்ளியை அவளுடைய முடிவின்படியே கொடுத்தேன். அணித்தலைவி வந்து விளக்கம் கேட்டாள், சொன்னேன், போய்விட்டாள். ஆட்டத்தில் நிற்கும் அணித்தலைவிக்கு மட்டும்தான் கேட்கும் உரிமை என்பதை அந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் கையால் காட்டி அமரச் சொன்னேன். ஆனால் தங்கச்சியின் முகம் போய்விட்டது. அடுத்த ஆறு ஏழு புள்ளிகளுக்கு அவள் ஊதவே இல்லை. ஊத வேண்டிய ஒன்று இருந்தும் ஊதவில்லை.

செற் இடைவேளையில் இறங்கிப் போனேன். "நான் ஊதினன் அக்கா, சத்தந்தான் வரல்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. என் பையில் எப்போதும் இன்னொரு ஃபொக்ஸ் 40 இருக்கும், வாய் வைக்காதது. அதை எடுத்துக் கொடுத்து, நெற்றிலிருந்து தள்ளி, வேலியோரமாக நின்று இரண்டு தரம் ஊதிப் பார்க்கச் சொன்னேன். முதல் தடவை ஊதியதும் அவளே திடுக்கிட்டாள். மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இவ்வளவு சத்தமா அக்கா?" என்றாள். "இவ்வளவுதான் வேணும் புள்ள" என்றேன்.

இரண்டாவது செற்றில் பதினொராவது புள்ளியளவில் மத்தியகோட்டைத் தாண்டி ஒரு பிள்ளையின் பாதம் முழுதாக அடுத்த பக்கம் போய்விட்டது. பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டில் இருந்தால், அல்லது கோட்டுக்கு மேலாக இருந்தால் பிழையில்லை. முழுதாகப் போனால் பிழை. விசில் உடனே வந்தது. ஒரே ஊது, சுருக்கமாக, சுத்தமாக. அந்தக் கணத்தில் பந்து இன்னும் காற்றில் இருந்தது. எவரும் எழும்பவில்லை, எந்தப் பெற்றோரும் சத்தம் போடவில்லை. பிழை செய்த பிள்ளையே கையை உயர்த்திவிட்டு இடத்துக்குப் போனாள். அதே நடுவர், அதே கண், அதே தைரியக் குறைவு. மாறியது விசில் மட்டும்தான். விசில் மாறியதும் மைதானத்தின் பதில் மாறியது. அந்தப் பதிலைப் பார்த்துத்தான் தங்கச்சியின் தைரியம் வளர்ந்தது. தைரியம் வந்த பிறகு நல்ல விசில் வாங்கலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒரு ஆட்டத்தில் இரண்டு நடுவர்களின் விசிலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. மேலேயிருந்து ஃபொக்ஸ் 40 வெட்டி ஒலிக்கும், கீழேயிருந்து கீச்சென்று ஒரு மெல்லிய சத்தம் வரும் என்றால், யார் பெரியவர் யார் சின்னவர் என்று பார்வையாளருக்கும் பயிற்றுவிப்பாளருக்கும் காதாலேயே தெரிந்துவிடும். பிறகு அவர்கள் கேள்வி கேட்கப் போவது கீழே நிற்பவரிடம்தான். பிள்ளைகளும் அப்படித்தான். மெல்லிய விசிலுக்கு நிற்பதா, தொடர்வதா என்று முதலாவது நடுவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். சத்தம் ஒன்றானால் அந்தப் பார்வை இல்லாமல் போகும். விதிப்படி றலியை நிறுத்தி ஊதும் உரிமை இரண்டு பேருக்கும் உண்டு.

பக்கத்துக் கோர்ட் விடயம் மட்டும் இதற்கு எதிர். வெபர் அடிகளாரின் பெயரில் இருக்கும் எங்கள் நகர மைதானம் போன்ற பெரிய இடமானாலும் சரி, ஒரு பாடசாலையின் சிறு மைதானமானாலும் சரி, நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டு கோர்ட்களில் ஒரே நேரம் ஆட்டம் வைப்பது வழக்கம். இரண்டிலும் ஃபொக்ஸ் 40 கிளாசிக் ஒலித்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். அந்தக் கோர்ட் விசிலுக்கு இந்தக் கோர்ட் செட்டர் பந்தை விட்டுவிட்டு நிற்பாள். பாவம், அவளுடைய பிழையல்ல. இப்படியான நாட்களில் ஒரு கோர்ட்டின் இரண்டு நடுவர்களும் கிளாசிக், அடுத்த கோர்ட்டின் இருவரும் வேறு சுருதி என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்பாட்டாளர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. நடுவர்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சத்தம் கூடியது என்பதே இதன் குறையும். 115 டெசிபல் என்பது காதுக்கருகே விளையாட்டல்ல. திறந்த மைதானத்தில் தேவைப்படும் சத்தம், தகரக் கூரை போட்ட மண்டபத்தில் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது தலையிடியைக் கொண்டுவரும். இரண்டாவது நடுவரின் பின்னாலேயே புள்ளி பதிபவரின் மேசை இருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஒரு மாணவியோ இளம் ஆசிரியையோ குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். டைம் அவுட் கொடுக்கவும் ஆள் மாற்றத்துக்கும் இரண்டாவது நடுவர் ஊதும்போது முகத்தை மைதானத்தின் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், மேசைப் பக்கம் திரும்பி ஊதக் கூடாது. நான் கூட நிற்பவர்களுக்கு முதல் நாளே சொல்லும் விடயம் இது. மண்டபத்துக்குள் சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் என்றால் அதே நிறுவனத்தின் பேர்ள் என்ற வகை போதும். அது 90 டெசிபல், சத்தம் மென்மையானது. வெளியே கச்சானில் அதை எடுத்துக்கொண்டு போனால் பிரயோசனமில்லை.

வாய் வைக்கும் இடம் கெட்டியான பிளாஸ்டிக். பல் கூசுகிறவர்களுக்கு, மெல்லிய இறப்பர் உறை போட்ட வகை ஒன்றும் வருகிறது. பல்லால் கடித்துப் பிடிப்பவர்கள் அதை வாங்கலாம். விலை கொஞ்சம் கூட. எனக்கு உறை இல்லாததுதான் பிடிக்கும், கழுவ இலேசு.

ஊதும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல விசில் கிடைத்தும் சிலர் கன்னத்தை உப்பிக்கொண்டு நீளமாக ஊதுவார்கள். அது களைப்பு. நாக்கு நுனியால் துளையை மூடி வைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளி, நாக்கை "து" என்று சொல்வது போல எடுத்தால் சத்தம் தொடக்கத்திலேயே முழுதாக வரும். நிறுத்தும்போதும் நாக்காலேயே அடைக்க வேண்டும். வீட்டில் பழகினால் அயலவர்கள் சண்டைக்கு வருவார்கள். பின்னேரம் கடற்கரைக்குப் போய்ப் பழகச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

இந்த விசிலால் ஆகாத வேலையும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் விமர்சனம் முழுமையாகாது. பிழையான முடிவையும் இது அதே சத்தத்தோடு அறிவிக்கும். புதியவர்கள் எல்லோரும் பந்தையே பார்ப்பார்கள். ஆடிப் பழகிய கண் அப்படித்தான் போகும். பந்தைப் பார்க்க மேலே நான் இருக்கிறேன், கோட்டில் கொடி பிடித்தவர்கள் இருக்கிறார்கள். சேர்விஸ் அடிக்கப்படும்போது இரண்டாவது நடுவர், பந்தை வாங்கும் அணியினர் நிற்கும் நிலைகளைப் பார்க்க வேண்டும். பிறகு பிளொக் போடும் பக்கத்துக்கு நகர்ந்து, நெற், மத்தியகோடு, தன் பக்கத்து அன்டெனா (நெற்றின் ஓரத்தில் நிற்கும் கம்பு), பின்வரிசைக்காரி பிளொக்குக்கு வருகிறாளா என்று பார்க்க வேண்டும். "பந்தைப் பாக்காத புள்ள, நெற்றைப் பாரு" என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுவேன். எங்கே பார்ப்பது என்று தெரிந்தவருக்குத்தான் எப்போது ஊதுவது என்று தெரியும். ஊதலாமா வேண்டாமா என்ற தயக்கத்தின் பாதி, வேறெங்கோ பார்த்துவிட்டுப் பிந்தி வந்து பார்ப்பதால் வருவது.

ஊதிய பின் உறைந்துபோவதும் புதியவர்களிடம் உண்டு. விசில் பலமாக ஒலித்ததும் எல்லாக் கண்களும் அவர்கள் மேல். என்ன செய்வது என்று மறந்துபோகும். வரிசை இலேசானது. இரண்டாவது நடுவர் ஊதினால், என்ன பிழை என்பதை அவரே முதலில் காட்ட வேண்டும், தேவையானால் யார் என்பதையும். அடுத்து சேர்விஸ் யாருக்கு என்று முதலாவது நடுவர் காட்டுவதைப் பின்தொடர்ந்து அவரும் காட்ட வேண்டும். முதலாவது நடுவர் அந்தப் பிழையின் சைகையைத் திரும்பக் காட்டுவதில்லை. மூத்தவர்களில் பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு எல்லாச் சைகையையும் தாங்களே மேலிருந்து காட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கீழே நிற்பவர் ஊதியதற்கே அர்த்தமில்லை. அவருக்கு ஒரு செக்கன் கொடுங்கள். கையை இடுப்பருகே வைத்துக்கொண்டு, கண்ணால் அவரைப் பார்த்துக் காத்திருங்கள். காட்டுவார்.

தன்னுடைய எல்லைக்கு வெளியே உள்ள பிழையைக் கண்டால் இரண்டாவது நடுவர் ஊதக் கூடாது, சைகையால் மட்டும் தெரிவிக்கலாம், அதை வற்புறுத்தவும் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் ஆட்டத்துக்கு முன் பேசிக்கொள்வதில் பெரும் பகுதி இதுதான். நான்காவது தொடுகையானால் நெஞ்சோடு சேர்த்து நான்கு விரல். பிளொக்கில் பட்டு வெளியே போனால் விரல் நுனிகளை மெல்லத் தடவிக் காட்டுவது. பார்வையாளருக்குத் தெரியாமல் எனக்கு மட்டும். நல்ல விசில் கையில் வந்ததும் உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் ஊதத் தொடங்கிவிடும் ஆட்களும் உண்டு, அதனால் இதைச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

மேலே நிற்பவருக்கு மற்றவர்களின் முடிவை மாற்றும் அதிகாரம் இருக்கிறது. இருப்பதால் எடுத்தெறிய வேண்டும் என்றில்லை. இளைய நடுவர் ஊதியது பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் கையால் கூப்பிட்டு, மேடைக்குக் கீழே வரவைத்து, என்ன கண்டாய் என்று கேட்டு, மறுகா முடிவை அறிவிக்கலாம். பத்து செக்கன் கூடப் போகும். போகட்டும். பிள்ளைகளின் ஆட்டம் இது. இன்றைக்குக் கீழே நிற்பவர் நாளைக்கு அதே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறவர். அவர்கள் முன்னிலையில் அவரைச் சின்னவராக்கக் கூடாது.

வாங்குவதைப் பற்றி. மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் விளையாட்டுப் பொருட்கடைகளில் ஃபொக்ஸ் 40 என்று பெயர் போட்டவை கிடைக்கின்றன. எல்லாம் அசலல்ல. பெயரை மட்டும் அச்சடித்த ஒரு போலி என்னோடு நின்ற ஒருவரின் கையில் இருந்தது. பார்வைக்கு அதே வடிவம், ஊதினால் ஒரே சுருதி, அதுவும் மூக்கடைத்த சத்தம். விளிம்புகள் கரடுமுரடாக, ஒட்டுக்கோடு வெளியே தெரிய இருந்தால் வேண்டாம். பெயர் பிளாஸ்டிக்கிலேயே சுத்தமாக அச்சாகியிருக்க வேண்டும். விலை மிக மலிவாகச் சொன்னால் அதுவே போதிய அறிகுறி. அசல் ஒன்றின் விலைக்குச் சாதாரண விசில் மூன்று நான்கு வாங்கலாம், உண்மைதான். கொழும்பில் யாராவது உறவினர் இருந்தால் பெரிய கடையொன்றில் வாங்கி அனுப்பச் சொல்வது நிம்மதி. 1991இல் கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டாக அறிவித்த நாட்டில், நடுவருக்கான ஒரு விசிலுக்குக் கொழும்பை எதிர்பார்க்க வேண்டியிருப்பது எனக்குக் கவலைதான்.

விரலில் மாட்டும் பிடியோடு பாவிப்பதை இரண்டாவது நடுவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கை இரண்டும் சைகைக்கு வேண்டும், ஆள் மாற்றத்தின்போது பெயர்ப்பட்டியலும் பார்க்க வேண்டும். கழுத்தில் பட்டி, றலி நடக்கும்போது விசில் உதட்டில். அவ்வளவுதான். கறுப்பு நிறத்தை விட மஞ்சள் நல்லது, மணலில் விழுந்தால் தேட இலேசு. ஒருவர் விசிலை இன்னொருவர் ஊதக் கூடாது. உதிரி ஒன்றை வாய் வைக்காமல் பையில் வைத்திருங்கள். மாலையில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள், கொதிநீர் வேண்டாம்.

பாடசாலைகளுக்கும் வலய அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பந்து, நெற் வாங்கும் பட்டியலில் விசிலையும் எழுதுங்கள், எழுதும்போது சோடியாக எழுதுங்கள். மேலே நிற்பவர் தன் சொந்த விசிலோடு வந்துவிடுவார். கீழே நிற்கப் போகிற இளையவருக்குத்தான் பாடசாலை கொடுக்க வேண்டும். அந்தத் தங்கச்சி சம்பளம் எடுத்ததும் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டாள், மஞ்சள் நிறம். இப்போது அவளும் வேறொரு புதியவரோடு நிற்கிறாள், உதிரி ஒன்றையும் கூடவே கொண்டுபோகிறாள்.